ஆசேர் கென்ட்ரிக் பணியில் இருக்கிறார்

ஆசேர் கென்ட்ரிக்கைப் புதைத்த அடுத்த மாதம், ஏலீம் வார்டு, அதாவது அந்த ஊர்ச் சபை, அவனை ஏகமனதாக மறுபடியும் ஊழியத்தில் அமர்த்தியது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. வெளியாட்கள் மார்மன்கள் என்று சொல்லும் அந்த மக்கள், தங்களைப் பரிசுத்தவான்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், யூட்டா மலையடிவாரத்தில் எந்தக் காரியத்தையும் வலது கையைத் தூக்கியே முடிவு செய்தார்கள். ஏப்ரல் மாநாட்டில் எழுத்தர் ஜெப்தா மோர்ஸ் வார்டின் ஊழியக்காரர்களுடைய பெயர்களை வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் கைகள் எழும்பும். "எதிர்ப்பவர்கள்?" என்று பிஷப் வின்ஷிப் கேட்பார். கேட்ட வாயை மூடுவதற்கு முன்பே அடுத்த பெயருக்குத் தலையசைத்துவிடுவார். அந்த ஆண்டு மோர்ஸ் போன ஆண்டின் தாளையே எடுத்து வாசித்தார். புதுத்தாள் எழுத மை உறைந்துபோயிருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

"ஆசேர் கென்ட்ரிக். வீடு சந்திக்கும் ஊழியர். நீல்ஸ் ஓல்ஸ்காருடன்."

கைகள் எழும்பின. கையைத் தூக்கிக்கொண்டே கண்ணயரக் கற்றவர்கள் ஏலீமில் அநேகர். முன்வரிசையில் ஓபேத் கென்ட்ரிக்கின் கையும் எழும்பியது. ஆசேரின் தகப்பன் அவர்.

கை மேலே போன பிறகுதான் பெயர் அவர் காதில் விழுந்தது. இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. மாறாக, இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

அதற்குக் காரணம் இருந்தது. கென்ட்ரிக் குடும்பத்தில் யாரும் கூனி நடந்ததில்லை. இல்லினாய் மாகாணத்தில் ஊரார் மார்மன்களை விரட்ட வீட்டுக்குத் தீ வைத்தபோது ஓபேத்தின் தகப்பனார் தொப்பியைச் சரிசெய்துகொண்டுதான் வெளியே வந்தார். யூட்டாவுக்கு வரச் சமவெளியைக் கடக்கையில் அவர்கள் யாருடைய வண்டியிலும் இடம் கேட்டதில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தின் ஒரே பிள்ளை ஆசேர், மார்ச் மாதத்தில் ஒரு நாள் யாரையும் எழுப்பாமல் எருதுகளை ஓட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்குப் போனான். பனி சரிந்து செத்தான். சவ அடக்கத்தில் பிஷப் பேசிய பேச்சை ஓபேத் அன்று முதல் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பனி இளகும் காலத்தில் பள்ளத்தாக்குக்குள் போகவேண்டாம் என்பது இந்த வார்டின் ஆலோசனை. நம் இளம் சகோதரர் ஆலோசனையை நம்பவில்லை, தம் கால்களை நம்பினார். மலை அவருக்குப் பாடம் சொன்னது. மீதிப்பேராவது கற்றுக்கொள்வோமாக."

ஏலீமில் ஆலோசனை என்றால் பிஷப் சொன்னது. அதை மீறியவனின் தகப்பன் என்ற பார்வை கடைவீதியில், வாய்க்கால் கரையில், ஜெபக்கூட்டத்தில் ஓபேத்தின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. இப்போது அதே சபை, அதே கைகளால், ஆசேரைத் தகுதியுள்ளவன் என்று சொல்லிவிட்டது. தவறுதலாகத்தான் என்றாலும் சொன்னது சொன்னதுதான்.

வீட்டில் கெசியா சோளமாவு பிசைந்துகொண்டிருந்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டவில்லை.

"என்ன வாசிச்சாங்க?"

"எப்பவும் வாசிக்கறதுதான். ஆசேர் பேரும் வந்துச்சு."

அவள் கை மாவில் நின்றது. "எதுக்கு?"

"ஊழியத்துக்கு."

"செத்த பிள்ளைக்கு வேலை குடுத்தாங்களா?"

"வேலைன்னு சொல்லாத. பொறுப்பு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கை தூக்கினேன்."

கெசியா கணவரைப் பார்த்தாள். பிறகு மாவைப் பார்த்துப் பேசினாள். "நாளைக்கே போயி அந்தப் பேர எடுக்கச் சொல்லுங்க. அவன் பனியில கெடந்தவன். படுத்திருக்கட்டும். எழுப்பாதீங்க."

மறுநாள் பிஷப் வின்ஷிப் தசமபாகக் களஞ்சியத்தின் முற்றத்தில், யாரோ காணிக்கையாகக் கொண்டுவந்த பத்தாவது கோழியைத் தலைகீழாகப் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அது நோஞ்சான் கோழி. பரிசுத்தவான்களின் பத்தாவது கோழிகள் எல்லாமே நோஞ்சானாக அமைவது எப்படி என்று அவர் ஒரு பிரசங்கமே செய்திருக்கிறார்.

ஓபேத் தொப்பியைக் கழற்றினார். "எழுத்தர் வாசிக்கறப்ப தவறிட்டார்போல, பிஷப்."

"மோர்ஸ் தவறலாம். அவர் மனுஷன்தானே. ஆனா கை தூக்கினது சபை. சபை ஏகமனதா தூக்கினா அது ஆவியானவரோட சத்தம். ஆசேர் செத்தது ஆவியானவருக்குத் தெரியாதுன்னு சொல்றீங்களா?"

"இல்ல, பிஷப்."

"அப்ப தெரிஞ்சுதான் நியமிச்சிருக்கார்."

"அவன் அம்மா கேக்கறா. விடுவிக்க முடியாதான்னு."

"விடுவிக்கலாமே. அதுக்கும் கை தூக்கணும். தூக்க ஒரு காரணம் சொல்லணும். செத்துட்டார்னு சொல்லட்டுமா? செத்தது மார்ச்சுல. நாம தூக்கினது ஏப்ரல்ல. ஏன்யா தூக்கினீங்கன்னு சால்ட் லேக் தலைமையில கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" பிஷப் கோழியைக் கூண்டில் விட்டார். "சகோதரர் கென்ட்ரிக், ஒண்ணு சொல்றேன். ஏலீம்ல இதுவரைக்கும் எதிர்த்து ஒரு கை எழும்பினதில்ல. நாம சரியாப் போயிட்டிருக்கோம்ங்கறதுக்கு இதவிட என்ன சாட்சி வேணும்? தப்பாப் போனா யாராவது கை தூக்கியிருப்பாங்க. தூக்கியிருந்தா இங்க இருந்திருக்க மாட்டாங்க."

ஓபேத் திரும்பி நடந்தார். மனசில் ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. அப்படி இருந்ததற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. கெசியாவிடம், "முடியாதாம்" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் மாதம் ஆலோசனைக் குழு அவரைக் கூப்பிட்டனுப்பியது.

புதுச் சபைக்கூடத்துக்குக் கூரை ஏறியிருந்தது. உள்ளே மரவாடை. பிஷப், அவருடைய ஆலோசகர்கள் இருவர், மோர்ஸ் எல்லோரும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே நீல்ஸ் ஓல்ஸ்கார் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான். டென்மார்க்கிலிருந்து வந்த தச்சன். பொய் சொல்லத் தெரியாததால் ஊரில் பாதிப்பேர் அவனைத் தவிர்த்தார்கள்.

விஷயம் இதுதான். வீடு சந்திக்கும் ஊழியர்கள் இருவர் இருவராகத்தான் போகவேண்டும். வீட்டாரை உட்காரவைத்துக் கேள்விகள் கேட்கவேண்டும். அண்டை வீட்டார் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பினாயா, பிறன் மாட்டுக்கு உன் சூட்டுக்குறி போட்டாயா, சகோதரனைப் பற்றிப் பொய் பேசினாயா, வாரம் ஒருமுறை குளிக்கிறாயா. ஒருவராகப் போனால் சந்திப்பு செல்லாது. ஆகவே நீல்ஸ் ஏப்ரலிலிருந்து எந்த வீட்டுக்கும் போகவில்லை.

"உங்க மகன் மாநாட்டுக்கு அப்புறம் ஒரு நாள்கூட ஊழியத்துக்கு வரல," என்றார் பிஷப்.

நீல்ஸ் தொண்டையைச் செருமினான். "அவன் செத்துட்டான், பிஷப்."

"அது அவர் உடம்பு சம்பந்தப்பட்டது. நான் கேக்கறது வருகை."

ஆலோசகர்களில் மூத்தவர் ஆமோதித்தார். "நான்கூட முடக்குவாதத்தோட வரேன்."

"பொறுப்ப ஏத்துக்கிட்டு செய்யாம இருந்தா அதுக்குப் பேரு அலட்சியம்," என்றார் பிஷப். "அலட்சியம் நிரூபணமானா சபையிலேந்து நீக்கம். நீக்கினவர கல்லறை வேலிக்கு உள்ள வச்சிருக்க முடியாது. அவர் உங்க குடும்பத்தோட நித்தியத்துக்கும் சேர முத்திரை போடப்பட்டதும் செல்லாது. மறுமையில உங்க மேசையில அவருக்கு இடம் இருக்காது. சட்டம் நான் எழுதினதில்ல. நான் வாசிக்கறவன் மட்டும்தான்."

ஓபேத் நிமிர்ந்து நின்றார். அறுபது வயதிலும் அவர் முதுகைச் சுவரில் சாத்தினால் இடையில் காற்றுகூடப் போகாது. கென்ட்ரிக் ஒருவன் ஏற்ற வேலைக்கு வரவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கேட்டதில்லை அவர். பேச்சு தன்னால் வந்தது.

"என் மகன் வருவான்."

"எப்ப?"

"புதன்கிழமை. நான் கூட்டிட்டு வரேன்."

மோர்ஸ் அதை எழுதிக்கொண்டார். ஓபேத் பின்தொடரலாமா என்பதைப் பற்றிக் குழு மதியம்வரை விவாதித்தது. ஊழியர் அல்லாத ஒருவர் ஊழியர்களோடு நடந்தால் அது மூவர் ஆகிவிடும். கடைசியில் தீர்மானம் இப்படி வந்தது: தகப்பன் பின்னால் நடக்கலாம், ஆனால் தச்சனுக்கும் தகப்பனுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் அளவு இடம் விடவேண்டும். வீட்டார் கதவை அந்த இடம் உள்ளே வரும்வரை திறந்து வைத்திருக்கவேண்டும். சாத்தினால் மரியாதைக்குறைவு.

புதன்கிழமை மூவரும் புறப்பட்டார்கள். அதாவது, தீர்மானத்தின்படி இருவர்.

முதல் வீடு லட்லோவுடையது. லட்லோ கதவைத் திறந்தார். நீல்ஸ் நுழைந்தான். ஓபேத் வாசலில் நின்றார். லட்லோ கதவைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவே பார்த்தார்.

"வந்துட்டாரா?"

"தெரியல," என்றான் நீல்ஸ். "கொஞ்சம் பொறுங்க."

லட்லோவின் நாய் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். அது எழுந்து வந்து அந்த இடைவெளியில் மோந்து பார்த்தது. பிறகு வாலைத் தாழ்த்திக்கொண்டு, யாரோ போவதற்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி உட்கார்ந்தது. லட்லோ கதவைச் சாத்தினார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். நீல்ஸ் கேள்வித்தாளை விரித்து ஆரம்பிப்பதற்கு முன்பே லட்லோ நாற்காலியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"மே மாசம் பூரா டட்டில் அம்மா முறைத் தண்ணிய நான்தான் திருப்பிக்கிட்டேன். உனக்குத் தெரியும். நீ அந்தப் பக்கமா போறப்பப் பாத்திருப்ப."

"அவன் மார்ச்சுலயே செத்துட்டான்," என்றான் நீல்ஸ்.

"அதனாலதான் சொல்றேன்," என்றார் லட்லோ.

அன்று எல்லா வீட்டிலும் அதுதான் நடந்தது. நீல்ஸ் கேட்டால் எல்லோரும் உத்தமர்கள். நாற்காலியைப் பார்த்ததும் வாய் திறந்துகொண்டது. மாட்டுச்சூட்டை மாற்றியது, பால்வாளியில் தண்ணீர் கலந்தது, ஆறு வருஷத்துக்கு முன் சமவெளியில் ஒருவருடைய மாவுமூட்டையைத் திருடியது எல்லாம் வெளியே வந்தன. வாரம் ஒருமுறை குளிக்காதவர்கள் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டார்கள். டட்டில் அம்மா அதன்மேல் ஒரு கம்பளியை மடித்து வைத்தார். திரும்ப எடுத்தபோது கம்பளி சில்லிட்டிருந்தது என்றார். ஜூன் வெயில் கூரையைப் பிளந்துகொண்டிருந்த நேரம் அது.

ஓபேத் எதையும் நம்புகிறவர் அல்ல. அதாவது, பரிசுத்தவான்கள் நம்பவேண்டியவை தவிர மற்ற எதையும். திரும்பி வரும்போது ஓடையின்மேல் போட்டிருந்த ஒற்றை மரத்தை நீல்ஸ் கடந்தான். மரம் ஆடியது. ஆட்டம் நிற்பதற்காக ஓபேத் காத்திருந்தார். நின்றது. பிறகு, யாரும் கால் வைக்காமலே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இன்னொரு முறை ஆடி நின்றது.

அவர் நீல்ஸைப் பார்த்தார். அவன் அக்கரையில் நின்று, யாருக்கோ வழிவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கெசியா கேட்டாள். "எப்படி இருக்கான்?"

"யாரு?"

"கூட்டிட்டுப் போனீங்களே."

ஓபேத் காலணியைக் கழற்றினார். "நல்ல பேரு எடுத்திருக்கான். லட்லோவே கும்பிடறான்."

"நான் அதக் கேக்கல. சாயங்காலம் அவன் வேலிகிட்ட நின்னான். உள்ள வரல. வார்டு வேலையா வந்தவன் எப்படி சொந்த வீட்டுக்குள்ள வருவான்? கால மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு நின்னான். குளிருது அவனுக்கு."

"கெசியா, அவன நீக்கிடுவாங்க. வேலிக்கு வெளிய போட்டுடுவாங்க. அதுக்குப் பயந்துதான்..."

"நீங்க பயந்தது அதுக்கில்ல." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. "உங்க முதுகுக்கு ஒரு சட்டை வேணும்னு பிள்ளைய நடக்க வச்சிருக்கீங்க."

அடுத்த புதன்கிழமையும் புறப்பட்டார்.

ஆகஸ்ட் வருவதற்குள் ஏலீம் திருந்திவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் முறைப்படி ஓடியது. பத்தாவது கோழிகள் கொழுத்திருந்தன. பிஷப் மேடையில் நின்று ஆசேரை உயிரோடிருப்பவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார்.

"நம் சகோதரர் கென்ட்ரிக்கைப் பாருங்கள். முறுமுறுப்பதில்லை. குடும்பத்தைக் காரணம் காட்டுவதில்லை. கூலி கேட்பதில்லை, ஓய்வு கேட்பதில்லை, கேள்வி கேட்பதில்லை. ஓர் ஊழியக்காரரிடம் ஒரு பிஷப் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். உயிரோடிருப்பது இதற்கெல்லாம் தடையாக இருக்கவேண்டியதில்லை."

சவ அடக்கத்தில் சொன்னதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. ஓபேத் காத்திருந்தார். ஆலோசனையை மீறியவன் என்ற சொல்லைத் திரும்பப் பெறும் வார்த்தை ஒன்று வரும் என்று வாராவாரம் முன்வரிசையில் உட்கார்ந்தார். வரவில்லை. முன்மாதிரியும் கீழ்ப்படியாதவனும் ஒரே ஆள் என்பது பிஷப்புக்கு உறுத்தியதாகவே தெரியவில்லை.

சந்திக்காமல் மீந்திருந்தது ஒரே வீடு. பிஷப் வீடு.

எல்லா வீட்டையும் சந்திக்கவேண்டும் என்பது விதி. வழக்கம் வேறு: ஊழியர்கள் பிஷப் வீட்டு வாசலில் நின்று, "எல்லாரும் சுகந்தானே?" என்று கேட்டு, ஆளுக்கொரு தர்ப்பூசணித் துண்டு தின்றுவிட்டுப் போவார்கள். நீல்ஸுக்கு விதி தெரியும், வழக்கம் தெரியாது. உள்ளே போய்த் தாளை விரித்தான். ஓபேத் கதவருகே நின்றார். பிஷப்பின் மூத்த மனைவி ப்ரூடென்ஸ், யாரும் சொல்லாமலே நான்காவதாக ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் எதிரே ஒரு கோப்பைப் பாலும் வைத்தாள்.

பிஷப் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். தண்ணீர் திருப்பவில்லை. சூடு போடவில்லை. குளிக்கிறார்.

"சகோதரனைப் பத்திப் பொய் பேசினதுண்டா?" என்று நீல்ஸ் வாசித்தான்.

"இல்ல."

"கொஞ்சம் அங்க பாத்துச் சொல்லுங்களேன்," என்றாள் ப்ரூடென்ஸ்.

"எங்க?"

"உங்க எதிர்ல உக்காந்திருக்கானே."

"யாரு உக்காந்திருக்கா? நாற்காலி காலியா இருக்கு."

நீல்ஸ் பென்சிலை எடுத்தான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. "அப்ப சகோதரர் ஆசேர் வரலையா, பிஷப்? வரலன்னு எழுதிக்கட்டுமா? அப்படின்னா இந்த ரெண்டு மாசச் சந்திப்பும் செல்லாது. எல்லா வீட்டுலயும் இதே மாதிரிதான் உக்காந்தார்."

பிஷப் நாற்காலியைப் பார்த்தார். ஏலீமின் திருந்திய வாய்க்கால்கள், கொழுத்த கோழிகள், சால்ட் லேக்குக்கு அவர் அனுப்பிய அறிக்கை எல்லாம் அதில் உட்கார்ந்திருந்தன.

"வந்திருக்கார்," என்றார்.

"அப்ப பதில் சொல்லுங்க," என்றாள் ப்ரூடென்ஸ். "சொல்லமாட்டீங்களா? நான் சொல்றேன். செத்த அன்னிக்கு விடியறதுக்கு முன்ன இந்தப் பையன் இதே அறையில நின்னான். முகட்டு உத்திரம் இல்லாம சபைக்கூடத்துக்குக் கூரை ஏறாது, ஆகஸ்ட்ல சால்ட் லேக்லேந்து அப்போஸ்தலர் வர்றார், போயி வெட்டிட்டு வான்னு நீங்கதான் ஆள் விட்டுக் கூப்பிட்டீங்க. பனி இளகுது பிஷப், இன்னும் ஒரு மாசம் போகட்டும்னான். கீழ்ப்படியறவனுக்குப் பனி கல்லா நிக்கும்னீங்க. போனான். அவன் அப்பா இங்க நிக்கறார். அவருக்குத் தெரியட்டும்."

"அது ஆலோசனைதான். உத்தரவு இல்ல," என்றார் பிஷப்.

"அந்த ஆலோசனைய மீறினான்னுதானே அடக்கத்துல பேசினீங்க?" என்றாள் ப்ரூடென்ஸ்.

கோப்பையில் பாலின் மேல் மெல்லிய ஏடு படிந்தது. ஏடு அல்ல; பனி. நீல்ஸ் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஓபேத் பிஷப்பை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எப்போதும்போல ஓர் ஆள் இடம் விட்டு நடந்தார். பாதி வழியில் அவருக்கு நின்றாகவேண்டியிருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை மாதமும் தம் பிள்ளை கீழ்ப்படியாமல் செத்தான் என்று அவரும் நம்பியிருக்கிறார். நம்பிக்கொண்டேதான் அவனை நடக்கவைத்தார்.

அப்போஸ்தலர் வந்தார். மிகவும் முதியவர், கண்ணில் பாதிக்குமேல் பார்வை கிடையாது. சபைக்கூடத்தைப் பிரதிஷ்டை செய்ய வந்தவர் முன்னால் எல்லாம் ஏகமனதாக நடக்கவேண்டும் என்பதில் பிஷப் வின்ஷிப் கண்ணாக இருந்தார். ஆசேரை விடுவித்தால் ஏன் என்ற கேள்வி வரும். வைத்துக்கொண்டால் அவன் மறுபடியும் தம் வீட்டுக்கு வருவான். ஆலோசனைக் குழு மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. தொந்தரவான ஆட்களுக்கு ஏலீமில் எப்போதும் இருந்த வழிதான் அது.

"ஆசேர் கென்ட்ரிக் மிஷனரியாக டென்மார்க்குக்கு அழைக்கப்படுகிறார்," என்று மோர்ஸ் வாசித்தார்.

நீல்ஸ் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டான். "அவனுக்கு எங்க பாஷை தெரியாதே?"

"ஆவியானவர் கத்துக்குடுப்பார்," என்றார் அவர், கையைத் தூக்கியபடி.

எல்லாக் கைகளும் எழும்பின. இருவருடையதைத் தவிர. ஓபேத் கென்ட்ரிக் இரண்டு கைகளையும் மடிமேல் வைத்திருந்தார். அவர் பக்கத்தில் கெசியாவும். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் அவள் வெளியே வந்திருந்தாள்.

"எதிர்ப்பவர்கள்?" என்றார் பிஷப். வழக்கம்போலத் தலையசைத்தார். அசைத்த தலை பாதியில் நின்றது.

"என்ன தாமதம்?" என்றார் அப்போஸ்தலர்.

ஓபேத் எழுந்தார். "நான் எதிர்க்கல. ஆதரிக்கவும் இல்ல. காத்திருக்கேன். மிஷனுக்குப் போறவனப் பத்தி அவனோட பிஷப் சபை முன்னால சாட்சி சொல்லணும்னு விதி. சொல்லட்டும்."

"அது விதிதான்," என்றார் அப்போஸ்தலர். "சொல்லுங்கள், பிஷப்."

பிஷப் மேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஆசேர் கென்ட்ரிக் நல்லொழுக்கம் உள்ளவர். எந்நாளும் ஆலோசனையை மீறியதில்லை."

"எந்நாளுமா?" என்றார் ஓபேத்.

"எந்நாளும்."

"பள்ளத்தாக்குக்குப் போன அன்னிக்கும்?"

கூடத்துக்குள் புது மரம் எங்கோ முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தலைக்குமேல் முகட்டு உத்திரம் இருந்தது. அதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்றைக்கும் ஆலோசனைப்படிதான் போனார்," என்றார் பிஷப்.

"யாரோட ஆலோசனை?"

"என்னுடையது." அவர் குரல் மேடையைத் தாண்டவில்லை.

"பின்வரிசைக்குக் கேக்கல, பிஷப்," என்றார் ஓபேத்.

"என்னுடையது. அவர் வேண்டாம் என்றார். நான்தான் அனுப்பினேன்."

ஓபேத் கென்ட்ரிக் வலது கையை உயர்த்தினார். கெசியாவும் உயர்த்தினாள். ஏலீமின் ஏகமனது அப்படியே காப்பாற்றப்பட்டது.

"நல்லது. பையனை முன்னே வரச் சொல்லுங்கள்," என்றார் அப்போஸ்தலர். செத்தவன் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நீல்ஸ் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து முன்னால் போட்டான். நடுவழியில் உட்கார்ந்திருந்தவர்கள், ஏன் என்று தெரியாமலே, பாவாடையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

பிரித்தனுப்பும் ஜெபத்துக்குத் தலைமேல் கை வைக்கவேண்டும். அப்போஸ்தலரின் கைகளை ஓர் ஆலோசகர் பிடித்து நாற்காலியை நோக்கி இறக்கினார். பிஷப் தம் கைகளையும் அதே இடத்துக்கு நீட்டினார், காற்றில் இறங்கப்போகிறவர்போல. கைகள் இறங்கவில்லை. உட்கார்ந்திருக்கும் ஒருவனின் தலை உயரத்தில் அவை தட்டி நின்றன. பிஷப்பின் முகம் மாவுபோல் வெளுத்தது. எடுக்கப் பார்த்தார், கிழவரின் விரல்கள் அவர் விரல்களோடு கோத்திருந்தன.

அப்போஸ்தலர் நீளமாக ஜெபித்தார். கடலில் காப்பாற்றும்படி, அந்நிய தேசத்தில் வழிநடத்தும்படி, பெற்றோரைத் தேற்றும்படி. ஆமென் சொன்னபிறகு கைகளைத் தேய்த்துக்கொண்டு பிஷப் பக்கம் திரும்பினார்.

"அமைதியான பையன். இவ்வளவு ஈரத்தலையோடு ஏன் உட்காரவைத்தீர்கள்? சளி பிடிக்கும். பிரயாணம் போகிறவன் அல்லவா?"

பிஷப் வின்ஷிப்பின் சட்டைக் கைகளின் ஓரத்திலிருந்து தரைப்பலகையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மிஷனுக்குப் போகிறவனை வீட்டார் ஆற்றுத்துறைவரை கொண்டுவிடுவது வழக்கம். அன்று பிற்பகல் ஓபேத்தும் கெசியாவும் அந்தச் சாலையில் நடந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் இருந்தது. ஊர் வெகுதூரத்தில், வேலிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தது. லட்லோ தொப்பியைக் கழற்றியதை ஓபேத் பார்த்தார். எல்லோரும் கழற்றினார்கள். இத்தனை மாதம் அவர் கேட்டது அதுதான். கிடைத்துவிட்டது. கையில் வைத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

துறையில் ஆறு வேகமாக ஓடியது. மலைகளின் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை மீந்திருந்தது. அவர்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து குளிர் விலகி, தண்ணீரின் ஓரத்துக்குப் போவது ஓபேத்துக்குத் தெரிந்தது. நேரே வைத்திருந்த முதுகு அவரைக் கேட்காமலே வளைந்தது. முழங்காலில் கையூன்றி நின்றார்.

"போயிட்டு வா, ஆசேர்," என்றார்.

கெசியா அவர் தோளில் கை வைத்தாள். "வான்னு சொல்லாதீங்க. வந்துடுவான்."

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை எந்தத் தகப்பனும் வாசலில் நின்று சொல்வதில்லை. வாயில் வருவதற்கு வெகுநேரம் பிடித்தது.

"போ," என்றார்.